எட்டும் தூரம் எவ்வளவு?



கம்பியின்றிப் பேச உதவும் சிறு கைக்கருவியை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். தோட்டத்துக் காவலர் அதை இடுப்பில் செருகியிருப்பார். கோயில் திருவிழாவில் தேரின் முன்னும் பின்னும் செல்லும் தொண்டர்கள் அதில் பேசிக்கொள்வர். வாக்கி டாக்கி என்பது அதன் பெயர். அதன் பெட்டியின்மேல், 'எட்டும் தூரம் 10 கிலோமீட்டர்' என்பது போன்ற வாசகம் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த வாசகத்தை நம்பி நாம் ஒரு நாள் தலைகுனிய நேர்ந்தது. அன்று கற்ற பாடத்தையே இம்மலரின் வாயிலாக உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

குறுக்கோட்டத்தன்று நடந்தது

நமது பள்ளியின் குறுக்கோட்டப் போட்டிக்கு முன், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் அத்தகைய கருவிகள் இரண்டினை வாங்கித் தந்தனர். ஓட்டப் பாதையின் நீளமே மூன்று கிலோமீட்டர்தான். பத்துக் கிலோமீட்டர் எட்டும் கருவிக்கு மூன்று கிலோமீட்டர் எம்மாத்திரம் என்று எண்ணினோம். ஒன்றைத் திடலில் நாம் வைத்துக்கொண்டோம். மற்றொன்றைச் செம்பனைக் காட்டினூடே ஓடும் சிற்றாற்றின் பாலத்தருகே நின்ற ஆசிரியரிடம் கொடுத்தோம். முன்னதாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் தோன்றவில்லை.

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் அப்பாலத்தைக் கடந்ததும் வழுக்கி விழுந்தான். கணுக்கால் எலும்பு முறிந்தது. ஆசிரியர் கருவியை எடுத்து அழைத்தார். மீண்டும் மீண்டும் அழைத்தார். திடலில் நம் கையிலிருந்த கருவியோ ஊமையாக இருந்தது. அப்பள்ளத்தில் கைத்தொலைபேசிக்கும் அலை கிடைப்பதில்லை. பையனைத் தனியே விட்டு வர ஆசிரியருக்கு மனமில்லை. நாற்பது நிமிடங்கள் கழிந்தன. அவ்வழியே வந்த வெளிக்காட்டு மண்டோர் ஒருவர் நிலைமையைக் கண்டு, "ஐயா, பள்ளத்துல நின்னு கூப்பிட்டா யாருக்குக் கேக்கும்? நான் பையனப் பாத்துக்கிறேன், நீங்க அந்த மேட்டுக்கு ஏறிப் பேசுங்க" என்றாராம். ஆசிரியர் மேடேறி நின்று பேசினார். அக்கணமே அவர் குரல் நம் காதருகே பேசுவது போல ஒலித்தது.

பையன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டு நலம் பெற்றான். ஆயினும் அந்த நாற்பது நிமிடங்கள் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. குற்றம் கருவியுடையது அன்று. அதன் இயல்பை அறியாத நம்முடையது. ஏட்டுக் கல்வி கற்ற நாம் அறியாததை, காட்டிலே நின்று குரல் கொடுத்துப் பழகிய மண்டோர் அறிந்திருந்தார். அவர் சொன்னதில் அடங்கியிருந்த அறிவியல் யாது?

இருபத்து மூன்று வாட்டின் வியப்பு

நாம் பேசும்போது கருவியிலுள்ள அலைபரப்பி நம் குரலை மின்காந்த அலையில் ஏற்றி, வானலைக்கம்பி வழியே வெளியே விடுகிறது. அந்த அலை, ஒளியைப் போலவே விநாடிக்கு ஏறக்குறைய மூன்று இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. எதிர்முனையில் உள்ள அலைவாங்கி அதனைப் பிடித்து மீண்டும் குரலாக்குகிறது. கைக்கருவிகள் பலவற்றின் அலைபரப்பும் ஆற்றல் அரை வாட் அளவே ஆகும். கைவிளக்கின் சிறு பல்பு ஒன்றின் ஆற்றலுக்கே அதனை ஒப்பிடலாம்.

ஆற்றல் குறைவு என்பதனால்தான் குரல் எட்டவில்லையோ என்று நீங்கள் எண்ணலாம். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். அவ்வெண்ணத்தைத் தகர்க்கும் சான்று ஒன்று வானத்திலேயே இருக்கிறது. 1977ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் விண்ணில் ஏவப்பட்ட 'வாயேஜர் 1' என்னும் விண்கலம், இன்று பூமியிலிருந்து 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் சென்றுகொண்டிருக்கிறது. அதன் அலைபரப்பியின் ஆற்றல் ஏறக்குறைய 23 வாட். நம் வகுப்பறைக் கூரையில் எரியும் நீண்ட குழல்விளக்கு ஒன்றின் அளவுகூட இல்லை! அந்த விளக்களவு ஆற்றல் 2,400 கோடி கிலோமீட்டரைத் தாண்டி வருகிறது. நம் அரை வாட்டோ ஒரு செம்பனைக் காட்டைத் தாண்டவில்லை. ஆகவே எட்டும் தூரத்தை நிறுவுவது ஆற்றல் ஒன்று மட்டுமன்று என்பது தெளிவு. வேறு காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

அலை விரிய விரியத் தேய்கிறது

இருளில் ஒரு விளக்கை ஏற்றிவைத்து விலகிச் சென்றால், அதன் ஒளி மங்குவதைக் காண்கிறோம். ஒளி எங்கும் போய்விடவில்லை. பெரிய பரப்பில் பரவிவிட்டது. தூரம் இரு மடங்கானால் நம்மை வந்து சேரும் ஒளி நான்கில் ஒன்றாகும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும். வானலைக்கும் திறந்த வெளியில் இதே கணக்குத்தான்.

தரையை ஒட்டிப் பேசும்போது நிலைமை இன்னும் கடினம். நேரே செல்லும் அலையோடு, தரையில் பட்டுத் தெறித்த அலையும் சேர்ந்து வந்து ஒன்றையொன்று பெரிதும் அழித்துக்கொள்கின்றன. அந்நிலையில் தூரம் இரு மடங்கானால், வந்து சேரும் ஆற்றல் பதினாறில் ஒன்றாகக் குறைந்துவிடும்.

இதனால் விளையும் உண்மை ஒன்றைப் பெற்றோர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். அரை வாட் கருவிக்குப் பதிலாக ஐந்து வாட் கருவி வாங்கினால் பத்து மடங்கு தூரம் எட்டும் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. திறந்த வெளியில் ஏறத்தாழ மூன்று மடங்கே கிடைக்கும். தரையை ஒட்டிய நிலையில் இரு மடங்குகூடக் கிடைக்காது. பணத்தைக் கொட்டி ஆற்றலைப் பெருக்குவதால் வரும் பயன் இவ்வளவே.

பூமியின் முதுகும் உயரத்தின் பயனும்

பூமி உருண்டை என்பதை முதலாம் ஆண்டு மாணவரும் அறிவர். கடற்கரையில் நின்று நோக்கினால், தொலைவில் செல்லும் கப்பலின் அடிப்பகுதி மறைந்து மேற்பகுதி மட்டும் தெரிவது அதனால்தான். கைக்கருவியின் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால், பூமியின் வளைவு அதற்கும் தடையாகிறது. காற்று மண்டலம் அலையைச் சிறிதே வளைப்பதனால், கண்ணுக்கு எட்டும் எல்லையைவிட அலைக்கு எட்டும் எல்லை சற்றுக் கூடுதல்.

அந்த எல்லையைக் கணக்கிட எளிய வழி உண்டு. வானலைக்கம்பியின் உயரத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தைக் கண்டு, 4.1 ஆல் பெருக்க வேண்டும். விடை கிலோமீட்டரில் கிடைக்கும். உயரம் 1 மீட்டரானால் எல்லை 4.1 கிலோமீட்டர், 4 மீட்டரானால் 8.2, 9 மீட்டரானால் 12.3; 25 மீட்டரானால் 20.5. பேசுபவர், கேட்பவர் ஆகிய இருவருடைய எல்லைகளையும் கூட்டிக்கொள்ளலாம்.

சமநிலத்தில் நின்று, கருவியை ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்திருக்கும் ஒருவருக்கு எல்லை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். அவ்வாறு இருவர் நின்றால் 10 கிலோமீட்டர். பெட்டியின்மேல் கண்ட எண்ணும் இதுவே அன்றோ! ஆனால் இஃது இடையில் ஒரு புல்லும் இல்லாத சமவெளிக்கு உரிய கணக்கு. அங்கும் இதுவே கடைசி எல்லையன்றி, அதுவரை குரல் தெளிவாக எட்டும் என்பதற்கு உறுதியில்லை. இருவரில் ஒருவர் 25 மீட்டர் உயரமுள்ள நீர்த்தொட்டியின் உச்சியில் இருந்தாலோ, எல்லை 25 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். பாட்டரி அதேதான், கருவி அதேதான், மாறியது உயரம் ஒன்றே.

கைத்தொலைபேசியும் இதற்கு விலக்கன்று. நான்காம் தலைமுறைக் கைத்தொலைபேசியின் ஆற்றல் பெரும்பாலும் 0.2 வாட்டைத் தாண்டுவதில்லை. நம் கைக்கருவியிலும் சிறிய ஆற்றல் அது. எனினும் அது பல கிலோமீட்டர் எட்டுவதற்குக் காரணம், எதிர்முனையில் உயர்ந்த கோபுரமும் கூர்மையான அலைவாங்கியும் இருப்பதே.

மேடும் மரமும் தகரக் கூரையும்

1895ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டில், இருபத்தொரு வயது இளைஞரான மார்க்கோனி தம் தந்தையாரின் பண்ணையில் கம்பியில்லாத் தந்தியைச் சோதித்துவந்தார். வானலைக்கம்பியை உயர்த்திக் கட்டி, மறுமுனையை நிலத்தில் புதைத்ததும், எட்டும் தூரம் வியக்கத்தக்க அளவில் கூடியது. பின்னர் அவருடைய அண்ணன் அலைவாங்கியை எடுத்துக்கொண்டு ஒரு குன்றுக்கு அப்பால் சென்றார். கண்ணுக்குத் தெரியாத இடமாதலால், குறி வந்து சேர்ந்ததும் துப்பாக்கியால் சுட்டு அறிவித்தார் என்பர்.

மார்க்கோனியின் அலை குன்றைத் தாண்டியது. நம் அலை ஏன் தாண்டவில்லை? விடை அலையின் நீளத்தில் இருக்கிறது. நீண்ட அலைகள் மேட்டைத் தழுவி வளைந்து செல்ல வல்லவை. கடலலை பாறையைச் சுற்றிக்கொண்டு போவதைக் கண்டிருப்பீர்கள். குறுகிய அலைகளுக்கு அவ்வாற்றல் குறைவு. 300 என்னும் எண்ணை மெகாஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். நம் கருவி 477 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது. ஆகவே அதன் அலைநீளம் ஏறத்தாழ 63 சென்டிமீட்டர். மேட்டின் பின்னால் அதற்கு நிழல் விழும். சிற்றாற்றுப் பள்ளம் அத்தகைய நிழலில்தான் இருந்தது.

மரங்களும் அலையை விழுங்குகின்றன. இலைகளிலும் தண்டுகளிலும் உள்ள நீரே அதற்குக் காரணம். செம்பனைகள் ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. மட்டைகள் ஒன்றோடொன்று பின்னிக் கூரை போலக் கவிந்திருக்கின்றன. ஒரு கிலோமீட்டர் செல்வதற்குள் அலை எத்தனை மரங்களைக் கடக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்! மழை பெய்து இலைகள் நனைந்திருந்தால் இழப்பு இன்னும் கூடும். தகரக் கூரையும் தகரச் சுவரும் அலையைத் திருப்பி அடிக்கின்றன. நம் உடலும் பெரும்பகுதி நீரே. கருவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு திரும்பி நின்றால், நாமே நம் அலைக்குத் தடையாகிறோம்.

கேட்கும் செவி கூரியதாயினும்

இனி அலைவாங்கியைப் பார்ப்போம். நல்ல கைக்கருவி எவ்வளவு சிறிய ஆற்றலை உணரும் தெரியுமா? ஒரு வாட்டைக் கோடி கோடிப் பகுதிகளாக்கி, அவற்றுள் ஒன்றை மீண்டும் பத்தாகப் பகுத்தால் கிடைக்கும் துளி அளவே அதற்குப் போதும். ஆனால் இரைச்சல் மிகுந்தால் அச்செவியும் பயனற்றுப் போகும். மின்மோட்டார், மலிவான மின்விளக்குகள், வண்டி எஞ்சின் ஆகியவை வெளிவிடும் மின்னிரைச்சல் சிறு குரலை மூழ்கடிக்கும். பள்ளி மண்டபத்தில் எல்லாரும் ஆரவாரம் செய்யும்போது பக்கத்து நண்பன் பேசுவதும் கேட்பதில்லை அன்றோ?

ஆரவாரத்தின் நடுவே நாம் என்ன செய்கிறோம்? சொற்களை நிறுத்தி, மெல்ல மெல்லச் சொல்கிறோம். வாயேஜரின் இரகசியங்களுள் ஒன்று இதுதான். அதன் வழியில் குன்றில்லை, மரமில்லை. பூமியில் அதற்குச் செவி சாய்ப்பது 70 மீட்டர் குறுக்களவுள்ள மாபெரும் கிண்ண வடிவ வானலை வாங்கி. அதற்கு மேலும் அது மிக மெதுவாகப் பேசுகிறது. அறிவியல் செய்திகளை அது பெரும்பாலும் விநாடிக்கு 160 'பிட்' என்னும் வேகத்திலேயே அனுப்புகிறது. ஆங்கில எழுத்துகளாக எண்ணினால் விநாடிக்கு இருபது எழுத்தளவே. இதே நெறியைப் பின்பற்றி, ஒரு வாட்டில் சிறு பங்கே ஆற்றலுடைய கருவிகள், நீர்மட்டம், மழையளவு போன்ற சிறு செய்திகளை மெதுவாக அனுப்பி, பல கிலோமீட்டர் எட்டச் செய்வதும் இந்நாளில் வழக்கமாகிவிட்டது.

மாணவர் செய்த சோதனை

அந்நிகழ்ச்சிக்குப் பின்னர், ஆறாம் ஆண்டு மாணவர்களையும் பெற்றோர் சிலரையும் சேர்த்துக்கொண்டு நாம் ஒரு சோதனை செய்தோம். ஒருவர் திடலில் நின்றார். மற்றவர் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிக்கொண்டே நடந்தார். குரல் தெளிவாகக் கேட்ட இடங்களுக்குத் தோட்ட வரைபடத்தில் பச்சைப் புள்ளியும், கரகரத்த இடங்களுக்கு மஞ்சள் புள்ளியும், கேளாத இடங்களுக்குச் சிவப்புப் புள்ளியும் இட்டோம்.

நேரான செம்மண் சாலையில் ஒன்றரைக் கிலோமீட்டர் வரை குரல் தெளிவாக இருந்தது. செம்பனைக் காட்டுக்குள் அறுநூறு மீட்டரிலேயே கரகரத்தது. சிற்றாற்றுப் பள்ளத்தில் முந்நூறு மீட்டரில் முற்றிலும் நின்றுபோயிற்று. நீர்த்தொட்டி மேட்டில் நின்று பேசியபோதோ, நான்கு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அடுத்த டிவிஷனில் தெளிவாகக் கேட்டது. ஒரே கருவி, ஒரே நாள், தூரங்களோ நான்கு! பெட்டியில் அச்சிட்ட ஒற்றை எண்ணைவிட, மாணவர் கைப்பட வண்ணப் புள்ளியிட்ட அவ்வரைபடமே நமக்கு மெய்யான வழிகாட்டியாயிற்று. இப்பொழுது ஒவ்வொரு குறுக்கோட்டத்தின்போதும் நீர்த்தொட்டி மேட்டில் ஒருவரை நிறுத்துகிறோம். பள்ளத்திலிருந்து வரும் குரலைக் கேட்டு, திடலுக்கு அவர் எடுத்துச் சொல்கிறார்.

நினைவில் கொள்ள வேண்டியவை

கருவியைப் பயன்படுத்துவோர் சிலவற்றைக் கடைப்பிடித்தல் நலம். முதலாவது, பயணத்துக்கும் நிகழ்ச்சிக்கும் முன்னரே அந்த இடத்திலேயே சோதித்துப் பாருங்கள். இரண்டாவது, குரல் எட்டாவிடில் மேட்டுக்கோ வெட்டவெளிக்கோ செல்லுங்கள். ஆனால் இடி மின்னல் வேளையில் மேட்டில் ஏறுவதும் வெட்டவெளியில் நிற்பதும் உயிருக்கே ஆபத்து. அப்போது ஏறவே கூடாது. மூன்றாவது, கருவியை இடுப்பிலிருந்து எடுத்து, முகத்துக்கு நேரே நிமிர்த்திப் பிடியுங்கள். ஒருவர் கம்பி நிமிர்ந்தும் மற்றவர் கம்பி படுத்தும் இருந்தால் குரல் மிகவும் குன்றும். நான்காவது, கேளாத இடத்தில் ஓர் அடி இரண்டடி நகர்ந்து பாருங்கள். தெறித்து வரும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் புள்ளியில் நீங்கள் நின்றிருக்கக்கூடும். சிறிது நகர்ந்தாலே குரல் திரும்பிவிடும். ஐந்தாவது, மெதுவாகவும் சுருக்கமாகவும் பேசுங்கள். ஆறாவது, பாட்டரியை முதல் நாளே நிரப்பி வையுங்கள்.

மேலும் ஒன்று. வானலை பொதுச் சொத்து. நம் நாட்டில் 1998ஆம் ஆண்டின் தகவல் தொடர்பு பல்லூடகச் சட்டம் அதன் பயன்பாட்டை நெறிப்படுத்துகிறது. பொதுமக்களுக்கென அனுமதிக்கப்பட்ட அலைவரிசையில், அனுமதிக்கப்பட்ட ஆற்றலுக்குள் இயங்கும் சான்று பெற்ற கருவிகளையே வாங்க வேண்டும். ஆற்றல் மிகுந்த கருவியை முறையின்றிப் பயன்படுத்தினால், மற்றவருடைய அவசர அழைப்புக்கே அது இடையூறாக முடியலாம்.

'எல்லாரிடமும் கைத்தொலைபேசி இருக்கும்போது இது எதற்கு?' என்று சிலர் கேட்கக்கூடும். 2014ஆம் ஆண்டு டிசம்பரில் கிளந்தானையும் கிழக்குக் கரையையும் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்டன. கோபுரம் ஓய்ந்தால் கைத்தொலைபேசி வெறும் விளக்காகிவிடும். இரண்டு சிறு கருவிகள் மட்டுமே ஒன்றோடொன்று நேராகப் பேசும். அப்போது அவற்றை எங்கே நின்று, எப்படிப் பிடித்துப் பேசுவது என்று அறிந்தவரே அண்டை அயலாருக்கு உதவ முடியும்.

மாணவர்களே! கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். அன்று நம் கையில் கருவி இருந்தும், ஒரு பிள்ளையின் துயரம் நம் செவிக்கு எட்டவில்லை. பெட்டியில் அச்சிட்டதைப் படிப்பதோடு நின்றுவிடாது, நடந்து பாருங்கள், அளந்து பாருங்கள், அனுபவம் உள்ளவரைக் கேட்டுப் பாருங்கள். மேட்டில் ஏறிப் பேசச் சொன்ன மண்டோருக்கு இப்பள்ளி என்றும் கடமைப்பட்டுள்ளது. அவர் காட்டிய வழியில், நம் குரல் தேவைப்படுவோரைத் தேவைப்படும் வேளையில் சென்றடையச் செய்வோமாக!